கீழே என்னும் முன்னொட்டு

முன்னொட்டுப் பாடம் தொடங்கிய வாரத்திலேயே எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் புதுப் பெயர்கள் வந்துவிட்டன. காலையில் வைத்த குழம்பைச் சாயங்காலம் சூடு பண்ணினால் அது ரீ-குழம்பு. கல்லில் ஒட்டிக் கிழிந்த தோசை மிஸ்-தோசை. உலை கொதித்து இன்னும் மாவு போடாமல் இருந்தால் ப்ரீ-களி. உப்புப் போட மறந்த ரசத்துக்கு மகள் அன்-ரசம் என்று பெயர் வைத்த அன்றைக்கு என் மனைவி கரண்டியைத் தூக்கிவிட்டாள்.

"ஏன்டி, மூணு வேளையும் ஆக்கிப் போடறவளுக்கு மார்க் போடறியா?"

"மார்க் போடலம்மா. வகை பிரிக்கிறேன்."

"உங்கப்பாவுக்கு என்னா பேரு வெச்சிருக்க? அதச் சொல்லு மொதல்ல."

"ஓவர்-அப்பா," என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

எனக்கு அது சரியான பெயர்தான். அவள் பஸ் ஏறினால் ஒரு ஃபோன், இறங்கினால் ஒரு ஃபோன், நடுவில் சாப்பிட்டாளா என்று கேட்க ஒரு ஃபோன். பதினொன்றாவது படிக்கிற பெண்ணை இப்படித் தொந்தரவு செய்யும் அப்பன் காரிமங்கலம் வட்டாரத்திலேயே வேறு யாரும் இருக்க முடியாது என்று அவள் தோழிகள் கேலி செய்வார்களாம். அவர்களுக்கு விஷயம் தெரியாது. அவளுக்குச் சுகர் இருப்பதை நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை.

ஆறாவது படிக்கும்போது வந்தது. தாகம் தாகம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். உடம்பு கரைந்துகொண்டே போனது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து பேனா மாதிரி இருக்கும் ஊசியில் இன்சுலின். இது பெரியவர்களுக்கு வருகிற சுகர் இல்லை, மாத்திரையில் போகாது, ஆயுசுக்கும் ஊசிதான் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு நான் புரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சர்க்கரை ஏறினால் மெதுவாகக் கெடுக்கும், இறங்கினால் அப்போதே விழ வைக்கும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டால் இறங்கும். இறங்கினால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊசி போட்டால் உயிருக்கு ஆபத்து.

எங்கள் வீட்டில் அதற்கு இருந்த வார்த்தை 'எறங்குது'. விளையாடிக்கொண்டே இருப்பாள், முகம் வெளுக்கும், "அப்பா, எறங்குது" என்பாள். நானோ மனைவியோ ஒரு பிடி சர்க்கரையோ கடலை மிட்டாயோ கொடுப்போம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். வருஷக்கணக்காக அந்த ஒரு வார்த்தையை வைத்தே சமாளித்தோம்.

நான் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் செயலாளர். பி.காம். படித்தவன். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எதிரில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மகள் அப்படி ஆகக்கூடாது என்று எனக்கு ஆசை. ஆனால் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பதினொன்றாவதில் உயிரியலை ஆங்கில வழியில் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தது அவள்தான். லேப் டெக்னீசியன் ஆக வேண்டுமாம். "இத்தன வருசமா எல்லாரும் என் ரத்தத்தப் பாக்கறாங்க, நான் ஒருநாள் மத்தவங்க ரத்தத்தப் பாக்கணும்" என்பாள்.

புத்தகம் கைக்கு வந்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது. ஒவ்வொரு வார்த்தையும் ரயில் மாதிரி நீளம். அப்போதுதான் தர்மபுரியில் ஒரு டீச்சர் தன் வீட்டு மாடியில் சனிக்கிழமை தோறும் ஆங்கில வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டுச் சேர்த்தோம். அந்த டீச்சர் வார்த்தைகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பெரிய வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதே, முன்னால் ஒட்டியிருக்கும் துண்டைக் கழற்று, மிச்சம் தானாகத் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தார். அன் என்றால் இல்லை. ரீ என்றால் மறுபடி. ப்ரீ என்றால் முன்னால். மிஸ் என்றால் தப்பாக. சப் என்றால் அடியில். இன் என்றாலும் இல்லைதான். ஆனால் அடுத்து 'ஆர்' வந்தால் அது இர் என்று மாறிக்கொள்ளும். ரெகுலர், இர்ரெகுலர்.

"நம்மூர் டவுன் பஸ் மாதிரிப்பா," என்றாள் மகள். "இர்-ரெகுலர்."

எனக்கும் அந்தப் பாடம் பிடித்துப்போனது. சாயங்காலம் பால் ஊற்றி முடிந்து நான் வீடு வந்ததும் அன்றைய துண்டுகளை எனக்கு ஒப்பிப்பாள். ஒருநாள் அவளே ஒன்று கண்டுபிடித்துச் சொன்னாள். "தமிழ்ல கடைசி வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கணும்பா. 'வந்தி...'ன்னு ஆரம்பிச்சா வந்திருக்காங்களா, வந்திருக்க மாட்டாங்களான்னு வார்த்தை முடியறப்பதான் தெரியும். இங்கிலீஷ்ல இல்லங்கிறத வாசல்லயே சொல்லிடறாங்க." நான் பெருமையில் அதைச் சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருவர், "பால் எடுக்க வர்ற டிப்போ வண்டியும் வாசல்லயே வராதுன்னு சொல்லிட்டா நல்லாயிருக்கும்" என்றார்.

உயிரியலில் ஹைப்பர், ஹைப்போ என்று இரண்டு துண்டுகள் வந்தன. செல்லுக்குள் தண்ணீர் போவது வருவது பற்றிய பாடம். ஹைப்பர் என்றால் மேலே, அளவுக்கு அதிகம். ஹைப்போ என்றால் கீழே, அளவுக்குக் குறைவு. டீச்சரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு அன்றைக்கு அவள் சனிக்கிழமை வகுப்பிலிருந்து வந்த வேகத்தை நான் மறக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி சொன்னாள்.

"அப்பா, ஹைப்போ - கிளைசீ - மியா. ஹைப்போன்னா கீழ. கிளைசீன்னா இனிப்பு. மியான்னா ரத்தத்துல. எனக்கு எறங்குதில்ல, அதுக்குப் பேரே இதுதாம்பா! ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருக்காங்களே, அது."

எத்தனையோ வருஷம் அந்தச் சீட்டைப் பார்த்திருக்கிறோம். மூவருக்கும் அது வெறும் கிறுக்கல். இப்போது அது திறந்துகொண்டது. தன் உடம்புக்குள் நடப்பதை முதல் முறையாகத் தானே வாசித்துவிட்ட மாதிரி இருந்தது அவள் நின்ற நிலை.

அதற்குப் பிறகு 'எறங்குது' போய்விட்டது. ஹைப்போதான். அதில் அவளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பத்துப் பேர் நடுவில் "எறங்குது" என்றால் என்ன இறங்குது, ஏன் இறங்குது என்று கேட்பார்கள். "இந்த வயசுலயே சுகரா, பொட்டப் புள்ளைக்கா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பிறகு அது ஊர் ஊராகப் போகும். ஹைப்போ என்று மெல்லச் சொன்னால் எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். நான் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுப்பேன். மகளும் அப்பாவும் ஏதோ ஆங்கிலம் பேசிக்கொள்கிறார்கள் என்று சுற்றியிருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

மனைவிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"வாய்ல நொழையற மாதிரி சொல்லு கண்ணு. நாலு பேருக்குப் புரியணுமில்ல?"

"நாலு பேருக்குப் புரியக் கூடாதுன்னுதாம்மா."

அந்தச் சனிக்கிழமை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் ஏதோ சின்னப் பரீட்சை, முடிய நேரமாகிவிட்டது. மகள் வழக்கம்போல் டீச்சர் வீட்டுக் குளியலறைக்குப் போய் மதிய ஊசியைப் போட்டிருக்கிறாள். வெளியே வந்து டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் தோழி ஒருத்தி, பஸ் போய்விடும், வா என்று இழுத்திருக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இவள் ஓடியிருக்கிறாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. காரிமங்கலம் வரை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்திருக்கிறாள். தோழி வழியிலேயே இறங்கிவிட்டாள். இதெல்லாம் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு நான் கோத்துக்கொண்டது.

நான் வீட்டில் இருந்தேன். இந்நேரம் இறங்கியிருப்பாள் என்று ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஒரு பெண் குரல் எடுத்தது.

"அலோ, இந்தப் பாப்பாவோட அப்பாங்களா?"

"ஆமா. நீங்க யாருங்க? பாப்பா எங்க?"

"பயந்துக்காதீங்க சார். காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுதான். பாப்பா பெஞ்சியில ஒக்காந்திருந்துச்சி, அப்படியே சாஞ்சிடுச்சி. சுகர் இருக்குதுங்களா அதுக்கு? பையில பேனா ஊசி இருந்துச்சி. போட்டு வுட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்."

"ஊசி போட்டீங்களா? நீங்களா?"

"எனக்குப் பழக்கம் சார். எங்க வூட்டுக்காரருக்கு நான்தான் தெனமும் போடறேன், அதே பேனாதான். பாப்பாவேதான் கேட்டுச்சி. பையக் காட்டிக் காட்டி இப்போ, இப்போன்னுச்சி. அதான் ஒடனே போட்டுட்டேன்."

இப்போ.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. நாக்கு தடித்து, உதடு கோணி, முதலில் வரும் 'ஹ' சத்தத்தை ஊத முடியாமல், அவள் ஹைப்போ என்றிருக்கிறாள். பையிலிருந்த மிட்டாயைக் காட்டி ஹைப்போ, ஹைப்போ என்றிருக்கிறாள். கேட்டவர்கள் தமிழர்கள். அவர்களுக்கு அது இப்போ என்றுதான் கேட்கும்.

"அய்யோ, சுகர் ஏறலீங்க! எறங்கிடுச்சி! எறங்கிடுச்சிங்க அவளுக்கு!" என்று கத்தினேன்.

அந்தப் பெண்ணின் குரல் ஃபோனைவிட்டு விலகி எங்கேயோ அலறியது. "சக்கரை! டீக்கடைக்காரரே, சக்கரை கொண்டாங்க!"

ஓர் ஆண் குரல் கேட்டது. "ஏம்மா, உனக்குக் கிறுக்கா? சுகர் இருக்கிற புள்ளைக்குச் சக்கரைய ஊட்டுவாங்களா? கொன்னுப்புடுவ."

"யோவ், தள்ளுய்யா! அவங்கப்பாவே சொல்றாரு."

"அப்பனுக்கு என்னா தெரியும், டாக்டரா அவன்?"

"தண்ணியா ஊத்தாதீங்க," என்று நான் ஃபோனுக்குள் கத்திக்கொண்டே இருந்தேன். "பொறையேறிடும். கன்னத்துக்கு உள்பக்கமாத் தடவுங்க. தடவிக்கிட்டே இருங்க. நூத்தியெட்டுக்குச் சொல்லுங்க." யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று தெரியவில்லை. ஃபோன் பெஞ்சின் மேல் கிடந்திருக்க வேண்டும். பஸ் ஹாரன், ஊருக்குப் பேர் சொல்லிக் கூவும் கண்டக்டர், யாரோ ஒரு குழந்தை ஐஸ் கேட்டு அழுவது எல்லாம் தெளிவாகக் கேட்டது. என் மகளின் சத்தம் மட்டும் இல்லை.

வண்டியில் போகும்போது மனைவி பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "வேகமாப் போங்க" என்றும் சொல்லவில்லை. காரிமங்கலம் போனபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. பெஞ்சின் அடியில் சர்க்கரை சிந்தியிருந்தது. அதைச் சுற்றி அதற்குள் எறும்பு. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க என்று டீக்கடைக்காரர் கையைக் காட்டினார். அப்படியே நெடுஞ்சாலையில் திரும்பினோம்.

அவசர சிகிச்சை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் மகளின் பையைத் தோளிலும் செருப்பைக் கையிலும் வைத்திருந்ததால் தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், காரிமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்தவர். தன் ஊர்ப் பஸ்ஸை விட்டுவிட்டு என் மகளோடு ஆம்புலன்ஸில் ஏறி வந்திருக்கிறார். விரலெல்லாம் சர்க்கரைப் பிசுபிசுப்பு. கழுவவில்லை.

உள்ளே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற சர்க்கரை ஏறியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது. இரண்டு முறை வலிப்பு வந்தது. இளம் வயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "ஊசி போட்டது யாருங்க? எவ்வளவு வெச்சீங்க?" என்று கேட்டார்.

"நாந்தாங்க," என்றார் அந்தப் பெண். "எங்க வூட்டுக்காரருக்கு வெக்கிற அளவுதாங்க வெச்சேன்."

அளவைச் சொன்னார். டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எம் புள்ளையத் தொடறதுக்கு நீங்க யாருங்க? யாரக் கேட்டுத் தொட்டீங்க?"

அந்தப் பெண் பையைக் கழற்றி மெதுவாக நாற்காலியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்போன்னுதானுங்களே சார் சொல்லுச்சி? என் காதால கேட்டேனே."

"இப்போ இல்லீங்க. ஹைப்போ."

"அப்படின்னா?"

"கீழன்னு அர்த்தம். சுகர் கீழ எறங்கிடுச்சின்னு அர்த்தம். இங்கிலீசு."

அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது தெரிந்தது. "எறங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே," என்றார். "எங்க வூட்டுக்காரருக்கும் எறங்குமே சார். அப்படித்தானே நாங்களும் சொல்லுவோம். நானே அவருக்கு எத்தினி தடவை சக்கரை குடுத்திருக்கேன். உடம்பெல்லாம் வேத்திருந்துச்சிதான், வெயிலுல வேக்குதுன்னு நெனச்சேன். இப்போன்னதும் எனக்கு வேற ஒண்ணும் தோணலையே..." சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வார்த்தை வரவில்லை. மன்னிக்கவும் வரவில்லை. இன்றைக்கு வரை இரண்டுமே வரவில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண்பிள்ளை விழுந்ததும், பார்த்துக்கொண்டு நிற்காமல் மடியில் போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவர் தொடாமல் இருந்திருந்தால் என் மகள் நன்றாக இருந்திருப்பாளா என்றும் தெரியாது. யாரும் தொடாமல் விட்டிருந்தாலும் அவள் சர்க்கரை இறங்கிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

சர்க்கரை இறங்காமல் ஒரு நிலைக்கு வந்து நின்றது. மகள் மட்டும் விழிக்கவில்லை. மறுநாளும் விழிக்கவில்லை. பெரிய டாக்டர் சுற்று வந்தபோது என்னையும் மனைவியையும் கட்டில் பக்கம் நிற்கவிட்டார்கள். கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளங்காலில் சாவியால் கீறிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த இளம் டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினார். நோயாளியின் வீட்டார் எதிரில் டாக்டர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசிக்கொள்வது எங்களுக்குப் பழக்கமானதுதான். நாமும் புரியாத முகத்தோடு நின்றுவிடுவோம். அது ஒரு வகையில் நிம்மதியும்கூட.

ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது. இர்ரிவர்சிபிள்.

நான் அதைப் பிரிக்க நினைக்கவில்லை. அது தானாகப் பிரிந்தது. அடுத்து ஆர் வந்தால் இன் என்பது இர் ஆகிவிடும். இர் என்றால் இல்லை. ரி என்றால் மறுபடி, பின்னால். ரிவர்ஸ் கியர் எல்லோருக்கும் தெரிந்தது. திரும்புவது. திரும்பாதது. எனக்குப் பாடம் ஒப்பித்தவள் அசையாமல் கட்டிலில் கிடக்க, அவளைப் பற்றிச் சொன்ன வார்த்தையை அவள் சொல்லிக்கொடுத்தபடியே நான் கழற்றிப் பார்த்துவிட்டேன். அவர் 'ஆகலாம்' என்றாரா, 'ஆகிவிட்டது' என்றாரா, 'ஆகியிருக்காது' என்றாரா என்று தெரியவில்லை. அந்த வார்த்தைக்கு முன்னும் பின்னும் வந்ததெல்லாம் எனக்கு எட்டாத வேகத்தில் ஓடிவிட்டது.

"என்னாங்க சொல்றாங்க?" என்று மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"புரியல," என்றேன்.

மகள் விழித்தாள். அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலையில், நர்ஸ் ஊசிக்குழாயை மாற்றும்போது கையை இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் கண் திறந்து கூரையைப் பார்த்தாள். எங்களை அடையாளம் தெரிய இன்னும் சில நாள் ஆனது. மனைவியை "அம்மா" என்றபோது வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். என்னை அவள் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. நடக்கிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கிறாள். ஆனால் ஒரு பொருளைப் பார்த்தால் அதன் பெயர் வருவதற்குள் நேரமாகிறது. சொம்பைக் காட்டி, "அது... தண்ணி... அது" என்பாள். காத்திருந்தால் சில சமயம் வரும். நாம் எடுத்துக்கொடுத்தால் கோபம் வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்தோம். உயிரியல் புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். டீச்சர் ஒருநாள் வீடு தேடி வந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார். போகும்போது வாசலில் என்னிடம், "நான் அந்தப் பாடத்த நடத்தாமலே இருந்திருக்கலாம்" என்றார். "அப்படியெல்லாம் இல்லீங்க டீச்சர்" என்றேன். அதற்கு மேல் அவரைத் தேற்ற என்னிடம் ஒன்றும் இல்லை.

ஊருக்கெல்லாம் இப்போது தெரியும். மறைக்க எதுவுமில்லை. சொசைட்டிக்கு வருகிறவர்கள், பாப்பாவுக்கு எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் பாலை ஊற்றுகிறார்கள். எந்தப் பேச்சுக்குப் பயந்து அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தோமோ அந்தப் பேச்சு ஒன்றும் வரவில்லை. வந்தாலும் இனி என்ன.

இப்போதும் ஃபோன் பால் டிப்போவிலிருந்து வந்தாலும் சரி, தெரியாத எண்ணாக இருந்தாலும் சரி, "அலோ" என்று ஒரு பெண் குரல் கேட்டுவிட்டால் மகள் எங்கே இருக்கிறாள் என்றுதான் முதலில் தேடுவேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பெண் மாதம் ஒருமுறையாவது கூப்பிடுகிறார். "பாப்பா பேசுதுங்களா சார்?" என்று மட்டும் கேட்பார். "பேசுதுங்க" என்பேன். "நல்லாப் பேசுதுங்களா?" என்று அவர் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்று நான் சீக்கிரம் வைத்துவிடுவேன்.

போன வாரம் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நானும் மகளும் மட்டும் போனோம். டாக்டர் ஒவ்வொரு படமாகக் காட்டிப் பெயர் கேட்டார். சைக்கிள் என்றாள். பூட்டு என்றாள். குடை வந்ததும் நின்றுவிட்டாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினாள், மழை என்றாள், மறுபடியும் மழை என்றாள், பிறகு உதட்டை மடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். "பரவால்ல, அடுத்தது பாக்கலாம்" என்றார் டாக்டர். அடுத்த ஐந்தாறு படங்களைச் சரியாகச் சொன்னாள். கடைசியில் என்னை மட்டும் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, போன தடவைக்கு இது தேவலாம், எது வரைக்கும் திரும்பும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, நாளாகும் என்றார். நான் அந்த இர்ரிவர்சிபிள் என்ற வார்த்தையை அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம். வெயில் முகத்தில் விழாமல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஊர் தாண்டியதும் கேட்டாள்.

"டாக்டர் உங்களத் தனியா... என்னா சொன்னாரு?"

"நல்லாயிட்டு வருதாம். நாளாகுமாம்."

அவள் வார்த்தையைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நாளாகும்னா, ஆயிடும்னு அர்த்தமா, ஆகாதுன்னு அர்த்தமா?"

"ஆயிடும் கண்ணு."

"அப்பா." என் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு சொல்லாக, தடுமாறாமல் வைக்கவேண்டும் என்ற கவனத்தோடு சொன்னாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

கண்டக்டர் பின்னாலிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார். அவர் எங்களைத் தாண்டிப் போகும் வரை நான் காத்திருந்தேன்.

"தெரியல கண்ணு," என்றேன்.

"ம்," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்குந் தெரியல" என்றாள்.